போன் உறங்குகிற வீடு

அப்பாத்துரை: கோவப்படாதம்மா. உன்னைத் தெரியாமலா? மாப்பிள்ளைக்கு அக்கா. நித்யா. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு என் பக்கத்துலதான உக்காந்து கேசரி சாப்பிட்ட... ஆனா எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? மண்டப வாசல்ல வச்சிருக்க இந்த மிஷினுக்குல்லா தெரியணும்.

நித்யா: மாமா, உள்ள மேளம் கேக்குது. என் தம்பி மணவறையில உக்காந்துட்டான். நாத்தனார் முடிச்சு போடுததுக்கு நான் போகணும்.

அப்பாத்துரை: போகணும். யாரு இல்லைன்னா? போன்ல கல்யாண ஆப்பை இறக்கிட்டேல்லா?

நித்யா: இறக்கிட்டேன். பேரு குடுத்தேன். போட்டோ கேட்டுச்சு, குடுத்தேன். போன்ல உள்ள அத்தனை பேரு நம்பரும் கேட்டுச்சு. பால்காரர்ல இருந்து பல் டாக்டர் வரைக்கும் எல்லாத்தையும் குடுத்துத் தொலைச்சேன்.

அப்பாத்துரை: பொறவு என்ன? அடுத்ததையும் அமுக்கு.

நித்யா: அதை அமுக்க மாட்டேன்.

அப்பாத்துரை: எதை?

நித்யா: 'உங்கள் போன் இரவில் எந்த வீட்டில் இருக்கிறது என்று அறிய அனுமதி தருக.' இது என்ன மாமா? கல்யாணத்துக்கு வந்தவகிட்ட கேக்குத கேள்வியா?

அப்பாத்துரை: அதுதாம்மா முக்கியமான கேள்வி. மத்ததெல்லாம் சும்மா. போன்ல பதிவாயிருக்கதைப் பாத்து, ஒரு மாசமா ராத்திரி எந்தெந்த போன் ஒரே வீட்டுல கெடக்கோ, அதெல்லாம் ஒரு குடும்பம். குடும்பத்துக்கு ஒரு பூப்பேரு வரும். செவ்வந்திக் குடும்பம், பிச்சிக் குடும்பம்னு. ஒரு பூவுக்கு ஒரு தாம்பூலப் பை. போன கல்யாணத்துல நடந்தது தெரியும்லா?

நித்யா: தெரியாது.

அப்பாத்துரை: புருசன் ஒரு பை, பொஞ்சாதி ஒரு பை, கைப்பிள்ளை பேருல ஒரு பை. கடைசில சம்பந்தி வீட்டுக்குக் குடுக்கப் பை இல்லை. வெறுந்தேங்காயைக் கையில உருட்டி விட்டோம். அந்த அவமானத்துலதான் எங்க கிரீஷு, பெங்களூர்ல இருக்காம்லா, என் மருமவன், அவன் ராப்பகலா உக்காந்து இதைச் செஞ்சான்.

நித்யா: எனக்குப் பையே வேண்டாம். உள்ள விடுங்க.

அப்பாத்துரை: பை வேண்டாம்னு சொல்ல இதுல எடம் இல்லையே... நான் மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தவன், தாயீ. மேனேஜரே வந்தாலும் கார்டு அடிக்காம கேட்டுக்குள்ள விட்டதில்லை. பழகிட்டு. கை வர மாட்டேங்கு.

நித்யா: தம்பிக்குப் போனும் போட முடியல. அவன் போனை யாரு வச்சிருக்கா?

அப்பாத்துரை: நாந்தான். மாப்பிள்ளை, பொண்ணு, ஐயரு, மூணு பேரு போனும் என் பையில. மணவறையில மணியடிக்கக் கூடாதுல்லா.

மந்திரமூர்த்தி: மாமா, கொஞ்சம் நவுந்துக்கிடுங்க. பொரி போட ஆளைக் காணோம்னு தேடுதாங்களாம்.

அப்பாத்துரை: யாரு... வே, மந்திரமூர்த்தி! இங்கன எதுக்குவே வந்தீரு? மேக்கு வாசல் வழியா வரச் சொல்லித்தான ஆள் விட்டிருந்தோம்!

மந்திரமூர்த்தி: மேக்கு வாசலைப் பூட்டியிருக்கீங்க.

அப்பாத்துரை: பூட்டுனது நாந்தான்... ஒரு வாசல் இருந்தாத்தான் ஆப்புக்குத் தோது. சரி, சரி. நித்யா, நீ அங்கிட்டுத் திரும்பிக்கோ. வே, நீரு ஆத்தைப் பாத்து நில்லும். ரெண்டு பேரும் சண்டை கிண்டை போட்டுறாதீங்க. கோர்ட்டு விவாகரத்து குடுத்துத் தீத்து விட்ட பொறவு இன்னைக்குத்தான் ஒரே எடத்துல நிக்கீங்க.

மந்திரமூர்த்தி: நான் எதுக்கு மாமா சண்டை போட? என் சித்தப்பா மக கல்யாணம். கோமுவுக்குக் கூடப்பொறந்த ஆம்பளை இல்லை. பொரி போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்.

நித்யா: மாமா, அவங்ககிட்ட சொல்லுங்க. நானும் சண்டை போட வரல. முடிச்சு போட வந்தேன்.

அப்பாத்துரை: அவ முடிச்சு போட வந்தாளாம்.

மந்திரமூர்த்தி: கேட்டுச்சு.

அப்பாத்துரை: கேட்டுச்சாம்... உங்க கேஸை நெனைச்சா எனக்குச் சிரிப்பாணியா வருது. வாய்தா வாய்தாவுக்கு அவ கூட அவ தம்பி. உம்ம கூட எங்க கோமு. நீங்க உள்ள ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுத் துப்புதீங்க, அதுங்க ரெண்டும் வராந்தாவுல கடலமிட்டாய் தின்னுட்டுப் பழகியிருக்கு! 

மந்திரமூர்த்தி: ஏதோ, ஒரு கல்யாணம் முறிஞ்சதுல ஒரு கல்யாணம்.

நித்யா: மாமா, இதுல சிரிக்க ஒன்னுமில்லைன்னு சொல்லுங்க.

அப்பாத்துரை: சிரிக்காதீரும்வே. ரெண்டு குடும்பமும் இன்னும் மொறைச்சுக்கிட்டுத்தான் திரியுது. உம்ம அண்ணன் இவ சித்தப்பா சட்டையைக் கிழிச்சாரு. இவ சித்தப்பா உம்ம அண்ணன் பைக்கைக் கொண்டு தாமிரபரணியில எறக்கிட்டாரு. உள்ள மண்டபத்துல நடுவால கயிறு கட்டியிருக்கோம். பாயசம் கூடத் தனித்தனி அண்டாவுல... சரி, உம்ம போனை எடும். எல்லாம் அமுக்கியாச்சா?

மந்திரமூர்த்தி: கடைசி ஒன்னு பாக்கி.

அப்பாத்துரை: எது?

மந்திரமூர்த்தி: ராத்திரி.

அப்பாத்துரை: உமக்குமா! ஏம்வே?

மந்திரமூர்த்தி: ஒரு மனுசன் போன் ராத்திரி எங்கன கெடந்தா என்ன மாமா? அது... அந்தரங்கம்.

அப்பாத்துரை: அந்தரங்கம். அவளும் அதைத்தான் சொல்லுதா. கோர்ட்டுல ஒரு விசயத்துலயும் ஒத்துப் போகாத ரெண்டு பேரு, எங்க வீட்டுக் கல்யாணத்துல வந்து இதுல மட்டும் ஒத்துப் போறீங்களே!

நித்யா: இந்த ஆப்பு சொல்லுதது சரியா இருக்கும்னு என்ன நிச்சயம்? அதைச் சொல்லுங்க முதல்ல.

அப்பாத்துரை: சரியாத்தான்... ஒன்னு ரெண்டு பிசகும். ஐயரு போனை ராத்திரி கோயில்லயே சார்ஜுக்குப் போட்டுட்டுப் போயிருவாரு போல. அவரைச் சாமி குடும்பத்துல சேத்துட்டு. நைட் ஷிப்ட் பாக்குத மில்லுக்காரங்க அம்புட்டுப் பேரும் ஒரே குடும்பம், கதம்பக் குடும்பம். அவங்க வீட்டு அம்மாமாரெல்லாம் வாசல்ல அழுதுட்டாங்க. வள்ளியூர் ஹாஸ்டல் பிள்ளைக எல்லாத்துக்கும் சேத்து ஒரு பை. தவில்காரரு கச்சேரி முடிச்சு ராத்திரி பூரா பஸ்ஸுலயே போறவரு. அவருக்கு வீடே இல்லைன்னுட்டு. வெளிய நிக்காரு.

மந்திரமூர்த்தி: அப்ப உள்ள அடிக்குதது?

அப்பாத்துரை: ரெக்கார்டு.

நித்யா: நல்லா இருக்கு.

அப்பாத்துரை: இரு தாயீ, கிண்டல் பண்ணாத. உள்ள போயி ஐயருகிட்ட எம்புட்டு நேரம் இருக்குன்னு கேட்டுட்டு வாரேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் மனசு மாறுங்க. ஆங்... இங்கன பேசுததெல்லாம் மிஷின்ல பதிவாவும். கல்யாண வீடியோவுல 'வாசலில் கேட்டவை'ன்னு ஒரு பகுதி போடுதோம். நல்ல வார்த்தையாப் பேசுங்க.

மந்திரமூர்த்தி: நல்லா இருக்கீங்களா?

நித்யா: இருக்கேன். நீங்க?

மந்திரமூர்த்தி: இருக்கேன். ஆத்துல தண்ணி நல்லா போவுது.

நித்யா: ஆமா. போவுது.

மந்திரமூர்த்தி: மிஷின்ல அந்தப் பச்சை லைட்டு மின்னிக்கிட்டே இருக்கு.

நித்யா: கேக்கட்டும்.

மந்திரமூர்த்தி: ஒரு பக்கத்துக் கம்மல் திரும்பியிருக்கு... பொதுவாச் சொன்னேன்.

நித்யா: பொதுவாப் பாக்காதீங்க.

மந்திரமூர்த்தி: சரி.

நித்யா: கோர்ட்டுல உங்க வக்கீல் ஒருநா கேட்டாருல்லா... எந்த ரூம்ல யாரு படுப்பீங்க, எத்தனை மாசமா அப்படின்னு.

மந்திரமூர்த்தி: நான் கேக்கச் சொல்லல.

நித்யா: தெரியும். என் சித்தப்பா, உங்க அண்ணன், டீ கொண்டு வந்தவரு, அத்தனை பேரும் நிக்காங்க. நான் பதில் சொன்னேன். நீங்களும் சொன்னீங்க. வெளிய வந்தா, எல்லாரும் என்னைப் பாக்குத பார்வையில அந்த ரூம் இருந்துச்சு. அன்னைக்கு நெனைச்சேன். இனி என் ராத்திரியைப் பத்தி ஒருத்தருக்கும் சொல்லப் போறதில்லைன்னு. நல்லதோ கெட்டதோ, அது என்கிட்டயே இருக்கட்டும்.

மந்திரமூர்த்தி: ம்.

நித்யா: தப்பு செய்யுதவதான் மறைப்பான்னு நெனைக்காங்க. நல்லா இருக்கதையும் மறைக்கத் தோணும். கண்ணு படும்னு இல்ல. ஆளாளுக்குத் தொட்டுத் தொட்டுப் பாத்தா அது நம்ம பொருளா இல்லாமப் போயிரும்ல.

மந்திரமூர்த்தி: மிஷின் கேக்குது.

நித்யா: நானும் பொதுவாத்தான் சொல்லுதேன்.

அப்பாத்துரை: நித்யா! ஏ நித்யா! காரியம் கெட்டுப் போச்சு!

நித்யா: என்ன மாமா?

அப்பாத்துரை: உன் பெரியம்மா மக மேடையில ஏறி நிக்கா. அவதான் முடிச்சு போடப் போறாளாம். வாழாவெட்டி போடுத முடிச்சு நிலைக்காதுன்னு உன் பெரியம்மா... நான் சொல்லல தாயீ, அவங்க சொல்லுதாங்க.

நித்யா: தம்பி என்ன சொல்லுதான்?

அப்பாத்துரை: அவன் தாலியைக் கையில வச்சுக்கிட்டு எந்திரிச்சு நிக்கான். அக்கா வந்தாத்தான் கட்டுவேன்னு ஒத்தக் காலுல நிக்கான். நல்ல நேரம் போயிட்டு இருக்குன்னு ஐயரு கத்துதாரு. கோமு தலையைத் தூக்கி, 'எங்க அண்ணன் எங்க'ன்னு கேக்கா. ரெண்டு வீட்டு ஆளும் கயித்துகிட்ட வந்துட்டாங்க.

மந்திரமூர்த்தி: மாமா, நீங்க அவங்களை மட்டும் விடுங்க. ஆப்பு கீப்பு வேண்டாம். தள்ளிக் கதவைத் தெறங்க.

அப்பாத்துரை: கதவு என் கையில இல்லவே! ஆப்புல பூப்பேரு விழுந்தாத்தான் தெறக்கும். கிரீஷுக்குப் போன் போட்டேன், அவன் எடுக்க மாட்டேங்கான்.

மந்திரமூர்த்தி: அப்ப... அவங்க அமுக்கட்டும். நான் அமுக்கல. நான் இங்கனயே நிக்கேன்.

அப்பாத்துரை: பொரி யாரு போட?

மந்திரமூர்த்தி: வேற யாராவது போடட்டும்.

அப்பாத்துரை: யாரும் இல்லைன்னுதான உம்மைக் கூப்பிட்டோம்! என்னவே பேசுதீரு? அவ அமுக்குனா நீரு அமுக்க மாட்டீராக்கும்? இப்பவும் வீம்பா? 

மந்திரமூர்த்தி: வீம்பு இல்ல மாமா. ஒரு ஆள் போனாப் போதும். அவங்களுக்கு இது பெரிசு. நீங்க அமுக்கச் சொல்லுங்க.

நித்யா: மாமா, அவங்ககிட்ட கேளுங்க. கோமு பாத்துக்கிட்டே இருப்பாளே, அதுக்கு என்ன செய்யன்னு.

மந்திரமூர்த்தி: மாமா, பொறவு நான் கோமு கால்ல விழுந்துக்கிடுதேன்னு சொல்லுங்க.

அப்பாத்துரை: எல்லாத்தையும் நானே சொல்லணுமா! அமுக்கு தாயீ. உன் தம்பி காத்துக்கிட்டு இருக்கான்.

நித்யா: இந்தாங்க. அமுக்கிட்டேன்.

அப்பாத்துரை: வந்துட்டு, வந்துட்டு! 'தாழம்பூக் குடும்பம். நித்யா. வருக வருக.' உள்ள பெரிய டிவியிலயும் ஓடுது பாரு. கதவு தெறந்துட்டு. இதுக்குத்தானா இம்புட்டு ஆர்ப்பாட்டம்? ஓடு, ஓடு! என்ன, நிக்க? வாசப்படியில நிக்காத, கதவு மூடிரும். போம்மா!

நித்யா: அவங்களையும் அமுக்கச் சொல்லுங்க.

மந்திரமூர்த்தி: வேண்டாம் நித்யா. நீ போ.

நித்யா: அமுக்குங்க.

மந்திரமூர்த்தி: தம்பி தாலியைக் கையில வச்சிக்கிட்டு நிக்கான். நீ போயிரு. இம்புட்டு நாளு...

நித்யா: நான் உள்ள போயி முடிச்சு போட்டுக்கிட்டு நிக்கேன், நீங்க தவில்காரர் கூட வெளிய நிப்பீங்களா? என்னால முடியாது. அமுக்குங்க.

அப்பாத்துரை: ஏட்டி, என்ன நேராவே பேசிக்கிடுதீங்க? நான் எதுக்கு நடுவுல நிக்கேன்?

மந்திரமூர்த்தி: நல்லா யோசிச்சுக்கோ.

நித்யா: யோசிச்சுட்டேன்.

மந்திரமூர்த்தி: சரி... இந்தா.

அப்பாத்துரை: அப்பாடி. இப்ப பூ என்னன்னு பாப்போம். 'தாழம்பூக் குடும்பம். நித்யா, மந்திரமூர்த்தி. குடும்பம் முழுமை. வருக...' அய்யய்யோ! என்னது இது? தாழம்பூவா? ரெண்டு பேருக்குமா? டிவியில ஓடுதே! உம்ம அண்ணன் எந்திரிச்சிட்டாரு... இவ சித்தப்பாவும் எந்திரிச்சிட்டாரு... மேளத்தை நிறுத்திட்டாங்க! நாசமாப் போன ஆப்பு! இருங்க, பயப்படாதீங்க. மைக்கைப் பிடிச்சு, ஆப்புல கோளாறு, மில்லுக்காரங்களைச் சேத்த மாதிரி இவங்களையும் தப்பாச் சேத்துட்டுன்னு நானே சொல்லுதேன். எல்லாரும் நம்புவாங்க.

நித்யா: சொல்லாதீங்க மாமா. ஐயரு விசயத்துல பிசகியிருக்கலாம், எங்க விசயத்துல சரியாத்தான் சொல்லுது. தீர்ப்பு வந்து ஒரு மாசம் ஆகுததுக்குள்ளயே இவங்க மழையில நனைஞ்சுக்கிட்டே வந்து என் வீட்டுக் கதவைத் தட்டுனாங்க. அன்னையில இருந்து ஒரே வீட்டுலதான் இருக்கோம். எங்களுக்காக நீங்க எல்லாரும் போட்ட சண்டையே இன்னும் முடியல... அதுக்குள்ள நாங்க சேந்துட்டோம்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?