மஞ்சள் பூசிய கம்பம்

“உங்க காலேஜ் கம்பத்துக்கும் இந்த ஆடியில கூழு ஊத்திட்டோம் தம்பி.”

கோவளத்திலிருந்து தாம்பரம் வரும் பேருந்தில், மீன்கூடையோடு ஏறிய பெண் இதைச் சொன்னாள். எனக்கு முன்சீட்டில் இருந்த பொத்தேரி கல்லூரி மாணவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“அக்கா, அது சாமி இல்லக்கா. கடல் எவ்ளோ உள்ள வருதுன்னு அளக்க நாங்க நட்ட ரிசர்ச் கம்பம். நீங்க மஞ்சள் பூசிப் பூசி நம்பரே தெரியல.”

“அளக்கறதுன்னு தெரியும்பா. அதுக்கு மேல கடலு வரக்கூடாதுன்னுதான் வேண்டிகினோம்.”

“கம்பம் கடலை நிறுத்தாதுக்கா.”

“அப்ப இன்னாத்துக்கு நட்டீங்க?”

“நம்பர் இருந்தாதான் உங்க குப்பத்துக்காக கவர்மெண்ட்கிட்ட பேச முடியும்.” அவன் குரல் இறங்கியது. “தண்ணி இப்ப கம்பத்தையும் தாண்டிடுச்சு. அடுத்த வாரம் புடுங்கி உள்ள தள்ளி நடப்போறோம்.”

“எங்க?”

“உங்க வீட்டு வாசலாண்ட.”

வண்டலூரில் அவள் மீன்கூடையை ஓரமாக நகர்த்தி வழிவிட்டாள். அவன் இறங்க எழுந்தபோது சொன்னாள்:

“வந்து நடு தம்பி. இந்தத் தபா நம்பர் மேல பூச மாட்டோம். பின்னாடி பக்கமா பூசிக்கிறோம்.”