பெயர்ப்பலகையில் கருகிய எழுத்து

பிள்ளையை இழந்தவர் அருகே நம் பிள்ளையோடு எப்படி உட்கார வேண்டும்? எனக்கு இன்னும் தெரியவில்லை.

ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு தச்சர்கள் இருந்தார்கள். இளையவர் மடியில், யாரோ புதுவீட்டுக்குச் செய்யச் சொன்ன தேக்குப் பலகை. அதில் ‘யாழினி இல்லம்’ என்று, மரத்தில் எழுத்து குடையும் ரவுட்டர் மெஷினால் வெட்டப்பட்டிருந்தது.

“இல்லம்கற எழுத்து சுத்தமா உழுந்திருக்குது. பேரு மட்டும் ஏன்டா கருகிக் கெடக்குது? மெஷின் பிட்டு முனை மழுங்கிருச்சா?” என்றார் மூத்தவர்.

“புது பிட்டுங்கண்ணா.”

“அப்ப மெஷினை நகத்தாம நிறுத்தியிருக்கற. நின்ன எடத்துல மரம் கருகத்தான் செய்யும். வாய் மட்டும் நிக்காம ஓடுது, கை நின்னுருதா உனக்கு?”

“எம்பட பாப்பா பேரும் அதுதானுங்கண்ணா. அவ தவறுனதுக்கப்பறம் இப்பத்தான் அந்தப் பேரை எழுதறேன்.”

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மல்லூர் தாண்டியதும் இவர் பக்கம் திரும்பினார்.

“வேற பலகை எடுத்துக் குடு சாமி. நான் மெஷினை ஓட்டித் தாரேன்.”

“வேண்டாமுங்கண்ணா. நானே ஓட்டறேன்.”

அப்போது என் மடியிலிருந்த மகள், இளையவர் தலைமுடியில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தொடக் கை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். அவருக்கு மனம் வலிக்கும் என்று நினைத்தேன். தொட விட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.