மூன்றாம் நாள் என்று எழுதினேன்

டாக்டர்களின் கையெழுத்தைக் கிண்டல் செய்வார்கள் அல்லவா? என் எழுத்தில் அந்தக் குறை கிடையாது. மருந்துக் கடைக்காரர் என் சீட்டை மட்டும் கண்ணாடி போடாமலே படிப்பார். ஆகவே விசாரணை அதிகாரியான நீங்கள் கேஸ் ஷீட்டைத் தப்பாகப் படித்திருக்க வழியில்லை. 'முகவாதம், மூன்றாம் நாள்' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அண்ணிக்குப் பல வருடமாகக் காதில் சீழ். உள்ளே எலும்பை அரித்திருந்தது. "என் கொழுந்தன் இருக்கும்போது வேற ஒருத்தர் எதுக்கு என் காதுல கை வைக்கணும்?" என்று ஒரே பிடிவாதம். அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். மறுக்க மனசு வரவில்லை.

நடுக்காதை ஒட்டியே முக நரம்பு ஓடுகிறது. நூல் கனம்தான் இருக்கும். டிரில் ஒரு கணம் வழுக்கியது. யாருக்கும் நடக்கக்கூடியதுதான். உடனே வேறொரு நரம்பை எடுத்து ஒட்டுப் போட்டிருந்தால் முகம் ஓரளவு திரும்பியிருக்கும். அதில் கைதேர்ந்தவர் என் சீனியர். ஆனால் அவர் திறந்தால் என் வேலையைப் பார்த்துவிடுவார். துறைத் தலைவர் பதவிக்கு என் பெயரை அவர்தான் பரிந்துரைக்க வேண்டியிருந்தது.

மயக்கம் தெளிந்ததும் அண்ணி கேட்டார். "வாய் ஒரு பக்கமா இழுக்குதே தம்பி?"

"மருந்து வேலை அண்ணி. அப்படித்தான் தோணும்."

காதில் போட்ட கட்டைக் கன்னம் வரை இறக்கி நானே சுற்றினேன். மூன்றாம் நாள் அவிழ்த்துவிட்டு, அன்றுதான் முகம் கோணியது என்று எழுதினேன். விழித்ததுமே முகம் கோணியிருந்தால் நரம்பு அறுந்திருக்கலாம், தாமதிக்கக் கூடாது. நாள் கழித்துக் கோணினால் பெரும்பாலும் வீக்கம், காத்திருக்கலாம். எங்கள் தொழிலில் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான்.

சீனியர் அதை அண்ணியிடமே கேட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அண்ணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "மூணாம் நாள்தாங்க. அதுவரைக்கும் கண்ணாடியில பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அந்த அறையில் கண்ணாடியே கிடையாது, முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. பாவம், மருந்து மயக்கத்தில் குழம்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நரம்புப் பரிசோதனைக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று சீனியரிடம் சொன்னேன். கூட்டிப்போகவில்லை. ரிசல்ட் நன்றாக இருப்பதாக மட்டும் சொன்னேன். ஒன்றரை வருடம் அப்படியே பூசி மெழுகினேன். அண்ணனுக்குப் பொறுக்காமல் அவரே வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, தசையெல்லாம் செத்துவிட்டது, இனி ஒட்டுப் போட்டுப் பயனில்லை என்றார்கள்.

அண்ணி பள்ளிக்கூட ஆசிரியை. பகரமும் மகரமும் உதட்டில் நிற்காமல் நழுவின. பிள்ளைகள் சிரித்தார்கள், வேலையை விட்டுவிட்டார். மூடாத கண்ணில் பூ விழுந்துவிட்டது. தண்ணீர் குடித்தால் தாடையில் வழிகிறது. பார்க்கும்போது எனக்கும் வேதனையாகத்தான் இருக்கிறது.

நேற்று உங்களிடமும் வந்து மூன்றாம் நாள் என்றே சொன்னாராம், தம்பி மேல் தப்பே இல்லை என்றாராம். எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாளே கோணியிருந்தது. நரம்பு அறுந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டேதான் காதைத் தைத்து மூடினேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், இதை அண்ணியிடம் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது.