அடியில் நின்ற மண்

எண்பதுகளின் தொடக்கம். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் பேருந்தில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். கணவர் மடியில் மஞ்சள் கோடு ஓடிய வெள்ளைக் கல்லும் ஈரத் தாம்பாளமும் இருந்தன.

"இந்தக் கல்லுல தங்கம் கீது. ஓடை மண்ண மூணு வருசமா அரிக்கிறேன், பொட்டு கூட கெடைக்கல," என்று மனைவியிடம் சொன்னார் அவர்.

"எப்படி அரிக்கிறீங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"நீ அரிசி அரிக்கிற மாதிரிதான். மேல வர்றத எடுத்துக்குவேன். அடியில நிக்கிறத கரையில கொட்டிடுவேன்."

"அரிசியில அடியில நிக்கிறது கல்லுங்க. கல்லவிட தங்கம் கனமாச்சே?"

அவர் சட்டென்று எழுந்தார். "கண்டக்டர், நிறுத்துங்க!"

"இத வுட்டா நாளைக்குதான் வண்டி," என்றார் கண்டக்டர்.

"கொட்டின குவியல் அங்கயே கீது. நிறுத்துங்க."

அந்த அம்மாள் அவருக்கு முன்னால் இறங்கிக் கையை நீட்டினார்.

"தாம்பாளத்த இப்படி குடுங்க. நான் அரிக்கிறேன்."