உட்காரத் தெரியாத இசையமைப்பாளருக்கு

ஏழு சுரங்களுக்கும் ஓய்வு கொடுக்காத ஏந்தலே! எங்கள் கால்களுக்கும் காதுகளுக்கும் கருணை காட்டாத கலைக்கோமானே! ஓய்வு பெறும் இந்நாளிலும், தங்களுக்கென்று போட்ட நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்கும் எங்கள் ஐயா அவர்களே, வணக்கம்!

ஆர்மோனியம் வாசித்த அப்பாவுக்கும் வீணை கற்பித்த அம்மாவுக்கும் மகனாய்ப் பிறந்து, பாடகியான அக்காவின் கையைப் பிடித்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்து, முப்பத்தாறு ஆண்டுகளில் இருநூற்றுப் பதினொரு படங்களுக்கு இசையமைத்தீர்கள். அத்தனையும் நின்றுகொண்டேதான்! வயலின்காரர் வில்லைத் தூக்குமுன் கதவுக்கும் கண்ணாடிச் சுவருக்கும் நாலு நடை நடந்துவிடுவீர்கள். அருமையாய் வந்த பதிவையும், "எல்லாம் சரிதான், ஆனா என்னமோ இடிக்குது. இன்னொரு தடவை போலாம்" என்பீர்கள். தங்களால் எங்கள் தேநீர் ஆறாத நாளே இல்லை.

இந்த மடலும் தப்பவில்லை. எழுதிக் காட்டிய ஒன்பது பிரதிகளிலும் 'இசைக்கடல்' என்பதை அடித்தீர்கள். 'இணையற்றவர்' என்பதை இரண்டு முறை அடித்தீர்கள். ஒன்பதின் ஓரத்திலும் ஒரே செய்தியை எழுதி, அது இல்லாமல் மேடையேற மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். அது இதோ: "என்னைத் தூக்கி நிறுத்திய முதல் பாட்டின் மெட்டு என்னுடையது அல்ல. குழாயடியில் வாளி நிறையும்வரை என் அக்கா முணுமுணுத்தது. அவரைக் கேட்காமல் என் பெயரைப் போட்டுக்கொண்டேன்."

பதறிப்போய் அக்காவிடம் ஓடினோம். அதே பாட்டை மேடைதோறும் கோரஸின் பின்வரிசையில் நின்று பாடியவர் அவர். "அதெல்லாம் எழுதாதீங்கப்பா. தம்பி கட்டிக் காத்த பேரு. நான் எப்பவோ விட்டுட்டேன்" என்றார். தங்களிடம் வந்து சொன்னோம். "அக்கா விட்டுட்டாங்க. என்னாலதான் உட்கார முடியலையே" என்றீர்கள். அந்த ஓயாத நடைக்குக் காரணம் அன்றுதான் புரிந்தது. வருந்தினோம், கோபமும் பட்டோம், அதை மறைப்பானேன்?

பத்தாவது பிரதியில் தங்கள் சொற்களை எழுத்து மாறாமல் சேர்த்தோம். சபையறியப் படித்தும்விட்டோம். இனித் திருத்த முடியாது, ஐயா!

நோய் நெருங்காத உடலும் நெருடல் நீங்கிய நெஞ்சுமாய், பேரப்பிள்ளைகளையாவது "இன்னொரு தடவை" என்று வதைக்காமல், நெடுங்காலம் நிறைவாய் வாழ்வீர்களாக!

கையெழுத்துகளில் முதல் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். அக்கா அவர்களே, மேடைக்கு வாருங்கள். பேனா இங்கே இருக்கிறது.

ஐயா அவர்களே, தாங்கள் இனி உட்காரலாம்.

முதல் பாட்டின் மெட்டு: ........................

அன்பு மாறாத
வாத்தியக் கலைஞர்கள், கோரஸ் பாடகர்கள், ஒலிப்பதிவுக் கூடத்தார்