டாசோவுக்கு இன்னொரு குளிர்காலம்

பனி எப்படி இருக்கிறது என்று சறுக்க வருகிறவர்கள் கேட்டால், அருமையாக இருக்கிறது என்றுதான் சொல்வேன். பாறை பல்லிளித்துக்கொண்டிருந்தாலும் அதையேதான் சொல்வேன். எங்கள் உயரத்தில் அது ஒரு உபசாரம். ஆனால் கேட்பது போலீஸ், ஆகவே உள்ளதைச் சொல்கிறேன் ஐயா. ராத்திரி முழுக்கக் காற்றடித்து இறுகிய பனி அது. மண்வெட்டியால் அள்ளிப் போட்டால், சற்று நேரத்தில் சிமெண்டாகிவிடும்.

ஃப்லூரின் எங்கள் மீட்புக் குழுவின் தலைவர். என்னைவிட நன்றாகச் சறுக்குவார். என்னைவிட மோசமாகச் சறுக்குகிறவர் அந்த மலையில் யாருமில்லை என்பது வேறு விஷயம். எனக்கு இருந்த ஒரே பெருமை டாசோ. பனிச்சரிவில் புதைந்தவர்களை மோப்பம் பிடிக்கிற நாய். அவனைக் குழுவிலிருந்து நீக்கப் போவதாக ஃப்லூரின் சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும், பார்லி சூப்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"உன் நாய்க்கு மூக்கு செத்துப்போச்சு கர்டின். தட்டுல கெடக்குற சாசேஜையே தேடுதுப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டாசோ வாலை ஆட்டினான்.

பயிற்சி எப்படி என்றால், ஒருவர் பனிக்குழிக்குள் படுத்துக்கொள்வார். குழியின் வாயை மூடிவிடுவோம். நாய் தோண்டி எடுத்தால், அவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு சாசேஜ் தருவார். நாய்க்கு நாம் இடத்தைக் காட்டக்கூடாது. உள்ளே இருப்பவர் வாக்கி டாக்கியில் போதும் என்றால், உடனே தோண்டிவிட வேண்டும்.

"நானே படுக்கறேன். என்னைக் கண்டுபுடிச்சா இன்னொரு குளிர்காலம் இருந்துட்டுப் போகட்டும்" என்றார் ஃப்லூரின். பெரிய மனசு.

அவர் உள்ளே படுத்ததும் குழியின் வாயை நான் கொஞ்சம் தடிமனாகவே மூடினேன். தேர்வென்றால் தேர்வாக இருக்க வேண்டாமா? டாசோவை அவிழ்த்துவிட்டேன். அவன் நேராக, சறுக்க வருகிறவர்களை மேலே ஏற்றும் லிஃப்டின் கம்பத்துக்குப் போய்க் காலைத் தூக்கினான். பிறகு வெயிலில் உட்கார்ந்துகொண்டான்.

"போதும் கர்டின். மூச்சு முட்டுது. பாவம், வயசாச்சு அதுக்கு. தோண்டுப்பா."

தேர்வின் நடுவில் பேசுவது முறையில்லை. வாக்கி டாக்கியை அணைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பனியைப் பிளந்துகொண்டு ஒரு கையுறை வெளியே வந்தது. கை வெளியே தெரிந்தால் அது நாய் கண்டுபிடித்த கணக்கில் வராது. மண்வெட்டியின் விளிம்பால், அது உள்ளே போகும்வரை அடித்தேன். கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கட்டி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். கைக்குப் பின்னால் தலை வந்தது. கைக்கு ஒரு நியாயம், தலைக்கு ஒரு நியாயம் என்று இல்லையே. அவர் என் பெயரைச் சொன்னார் என்று நினைக்கிறேன், பாதிதான் வந்தது. சிவந்த பனியை வழித்தெடுத்துத் தூர எறிந்தேன். ரத்த வாடை நாய்க்குச் சலுகை ஆகிவிடும். புதுப் பனியை அள்ளிப் போட்டு, ஏறி நின்று மிதித்தேன்.

டாசோ வெயிலிலேயே தூங்கிவிட்டிருந்தான். எழுப்ப மனம் வரவில்லை. அவனாக எழுந்தபோது பசித்திருக்குமே என்று, நான் நின்ற இடத்தில் ஒரு சாசேஜ் வைத்தேன். பசிக்கு வைத்தது, அவ்வளவுதான். அவன் வந்தான், தின்றான், அப்புறம் தோண்டினான். எவ்வளவு அழகாகத் தோண்டினான் தெரியுமா.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, டாசோ கண்டுபிடித்துவிட்டான். இனி அவனை யாரும் நீக்க முடியாது. ஃப்லூரின் சொன்ன சொல் தவறுகிறவர் இல்லை.