நிக்குது

இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் லாரியில் முதல் சண்டை சீட்டுக்காகத்தான் வரும். நான் உயரம், அவன் குள்ளம். அவன் ஓட்டிவிட்டு இறங்கிய சீட்டில் நான் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். அடியில் இருக்கும் கம்பியை இழுத்துச் சீட்டைப் பின்னால் தள்ளி, சாய்வைச் சரிசெய்து, கண்ணாடிகளைத் திருப்பி முடிப்பதற்குள் எனக்கு அந்த நாளே வெறுத்துவிடும். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள் சார். வாக்குமூலம் எழுத உட்கார்ந்து காரணம் கேட்டீர்கள். காரணம் இந்த மாதிரி இடத்தில்தான் தொடங்குகிறது.

அவன் என் தங்கையின் கணவன். நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எங்கள் சரக்குக் கம்பெனியில் எல்லோருமே அவனை மாப்பிள்ளை ஆக்கிவிட்டார்கள். சுமை ஏற்றுகிறவர்கள், டயர் கடைக்காரர், டிரிப் போடும் சூப்பர்வைசர், எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. கம்பெனியே சேர்ந்து பெண் கொடுத்த மாதிரி. அவனும் அதற்கேற்ற சிரிப்போடு திரிவான். வேறு கம்பெனியில் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தவன், கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தான். தூர டிரிப் என்றால் ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர். சொந்தக்காரர்கள் அடித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்து சூப்பர்வைசர் எங்களை ஒரே வண்டியில் போட்டார். அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது.

சீட்டு விஷயத்தை அவனே சரிசெய்துகொண்டான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இறங்குவதற்கு முன்னால் என் அளவுக்குத் தள்ளி வைத்துவிட்டு இறங்குவான். அதற்குப் பிறகுதான் மற்றவை வந்தன. இடது பக்கக் கண்ணாடியை என்னைக் கேட்காமல் உள்பக்கமாகத் திருப்பி வைத்தான். நான் பழையபடி திருப்பினேன். அவன் மறுபடியும் உள்ளே திருப்பினான். ஒரு நாள் பார்த்தால் அதன் மூலையில் வட்டமான சின்னக் கண்ணாடி ஒன்று ஒட்டியிருக்கிறது. எதற்கு என்று கேட்டேன். சும்மா அழகுக்காம்.

பிறகு பலகை படிக்க ஆரம்பித்தான். நான் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, சாலையோரம் வரும் ஒவ்வொரு பலகையையும் சத்தமாக வாசிப்பான். பாலம் குறுகலானது. லாரிகள் ஓரமாகச் செல்லவும். அடுத்த திருப்பம் சிமெண்ட் ஆலை. இப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளை மாதிரி. வாயை மூடு என்று சொன்னால் கொஞ்ச நேரம் மூடுவான். அடுத்த பலகை தூரத்தில் வரும்போதே தொண்டையைச் செருமிக்கொள்வான்.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இன்னும் மோசம். எப்பேர்ப்பட்ட சந்திலும் ஆள் துணை இல்லாமல் பின்னால் எடுத்தவன் நான். இவன் குதித்து இறங்கி, வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே கூட வருவான். ஒரு தட்டு என்றால் வரலாம், இரண்டு தட்டு என்றால் நிறுத்து. ஷெட்டில் இருந்தவர்களுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. “மச்சான் பாட்டுக்கு மாப்ள தாளம் போடுறாரு” என்று ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

பொழுது சாய்ந்துவிட்டால் ஸ்டியரிங் அவன் கைக்குப் போய்விடும். எனக்குத் தூக்கமே வராது மச்சான், நீங்க படுங்க என்பான். எனக்கும்தான் வராது. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, அவன் கியர் மாற்றுகிற லட்சணத்தை மனதுக்குள் திட்டிக்கொண்டு கிடப்பேன். நல்ல சாலை, ஆளில்லாத சாலை, எல்லாம் அவனுக்கு. வெயிலும் நெரிசலும் எனக்கு.

ஒரு முறை கம்பெனி வாசலிலேயே வண்டியின் இடது பக்கம் தூணில் உரசிவிட்டது. அந்தத் தூணை யாரோ கிறுக்கன் கட்டியிருக்கிறான், நீங்களே போய்ப் பார்க்கலாம். சூப்பர்வைசர் வெளியே வருவதற்குள் இவன் எனக்கு முன்னால் போய் நின்று, தான்தான் ஓட்டியதாகவும் கவனம் தப்பிவிட்டதாகவும் சொன்னான். எவ்வளவு சுலபமாகச் சொன்னான் தெரியுமா. திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, டீ குடிக்கப் போகலாமா என்று என்னைக் கேட்டான். நான் அவனைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்காமல் செய்கிற உதவி இருக்கிறதே, அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, வேண்டாம் என்று தள்ளவும் முடியாது. வாங்கி வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான்.

கண்ணைப் பற்றிக் கேட்க வருகிறீர்கள், தெரிகிறது. சாலையில் இத்தனை வருடம் இருந்தவனுக்குக் கண்ணில் கொஞ்சம் தூசி இருக்காதா. இடது கண்ணில் சில நாள் பனி மாதிரி இருக்கும், முகம் கழுவினால் போய்விடும். நேற்று நீங்கள் என்னை அழைத்துப் போய்க் காட்டிய டாக்டர் ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி விரலைக் காட்டினார். விரலை அசையாமல் வைத்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன். அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

இனி சரக்கு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கைக் கட்டியவர் கதவைத் திறக்க மாட்டார், கூட வந்தவர்தான் திறப்பார். திறப்பதற்கு முன்னால் கதவுக் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு, “நிக்குதா?” என்று கேட்பார். உள்ளே சரக்கு சாயாமல் நிற்கிறதா என்று அர்த்தம். எந்த பெல்ட்டை எவ்வளவு இறுக்கினோம், வழியில் எங்கே குலுங்கியது என்பதெல்லாம் கட்டியவருக்குத்தான் தெரியும். அவர் “நிக்குது” என்று சொன்னால் திறப்பார்கள். சந்தேகம் இருந்தால் அவர் பேசாமல் இருந்துவிடலாம். பதில் வராத கதவுப் பக்கம் யாரும் நிற்க மாட்டார்கள். கைப்பிடியில் கயிறு கட்டித் தள்ளி நின்று இழுப்பார்கள். மழை கொட்டினாலும் இதுதான் முறை.

எங்கள் வண்டியில் கட்டுவது நான். என் கட்டுக்குக் கம்பெனியில் பெயர் உண்டு. பெல்ட்டின் கொக்கியைச் சுவரில் இருக்கும் வளையத்துக்குள் போட்டு, கைப்பிடியை மடக்கி மடக்கி இறுக்க வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் செய்வேன்.

போன மாதம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டயர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவன் பின்னால் போனான். வலது பக்கக் கண்ணாடியில் கதவு திறப்பது தெரிந்தது. இறங்கிப் போனேன். அவன் உள்ளே ஏறி, நான் போட்ட பெல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான்.

“கொக்கி வளையத்துல விழல மச்சான். சும்மா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு” என்றான், சட்டையில் ஒட்டிய நூலை எடுத்துப் போடுகிறவன் மாதிரி.

“எத்தன தடவ?”

அவன் கீழே இறங்கி டயரைப் பார்த்தான். “அப்பப்போ.”

நான் கட்டிய சரக்கையெல்லாம் இவன் எனக்குத் தெரியாமல் திருத்திக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். என் பெயர் எவ்வளவு நாளாக அவன் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பிடிக்கவில்லை. டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தோம்.

“மச்சான், ஒண்ணு சொல்லுவேன், கோவப்படக் கூடாது.”

“கோவப்படுவேன். சொல்லு.”

டிரைவர்கள் எல்லோருக்கும் கம்பெனி கண் பரிசோதனை வைக்கப்போகிறதாம். அதற்கு முன்னால் நானாகவே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுவது மரியாதையாம். வாசலில் வண்டி நம்பர் பார்த்து உள்ளே விடுகிற வேலைக்கு ஆள் தேடுகிறார்களாம். சூப்பர்வைசரிடம் என் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறானாம். “வண்டி பக்கத்துலயே வந்து நிக்கும் மச்சான். நம்பரும் பெருசாத்தான் இருக்கும்” என்றான்.

“யாரக் கேட்டுச் சொன்ன?”

“உங்க தங்கச்சிதான் சொல்லச் சொன்னா.” டீ கிளாஸைக் கீழே வைத்தான். “போன வாரம் நீங்க சாப்புட வந்தப்ப, தட்டுல இடது பக்கம் வச்சதத் தொடவே இல்லையாம். நீங்க போனதும் ஒரே அழுகை.”

எனக்கு அது பிடிக்கவில்லை, அதனால் சாப்பிடவில்லை. ஒரு மனிதன் தட்டில் மிச்சம் வைக்கக் கூடாதா. அவர்கள் இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து என் தட்டை வேவு பார்த்திருக்கிறார்கள். வாசல் வேலையில் இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன் சார். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மின்விசிறி, ஒரு தண்ணீர்க் குடம். வண்டிகள் வரும், போகும். அவர்கள் எங்கும் போக மாட்டார்கள்.

அடுத்த டிரிப்பில்தான் அது நடந்தது. மரச்சாமான் செய்யும் தொழிற்சாலைக்குப் பசை டிரம்கள். ஒரு டிரம்மைச் சாய்த்து உருட்டவே இரண்டு ஆள் வேண்டும். கீழே ஒரு வரிசை, அதன்மேல் ஒரு வரிசை. ஏற்றி முடித்ததும் நான் கட்டினேன். கட்டி இறங்கும்போது அவன் கையில் டார்ச்சோடு ஏற வந்தான். சுமை ஏற்றிய ஆட்கள் நாலைந்து பேர் அங்கேயே துண்டால் முகம் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

“நான் கட்டினத நீ பாக்கணுமா மாப்ள?” என்று கேட்டேன். சத்தம் போடவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன், அவ்வளவுதான்.

அவன் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். “அதெல்லாம் இல்ல மச்சான்” என்று சொல்லி அவனே கதவைச் சாத்தினான். சாத்தும்போது என் முகத்தைத்தான் பார்த்தான், உள்ளே பார்க்கவில்லை.

உள்ளே கடைசி வரிசை பெல்ட்டின் கொக்கி வளையத்தில் விழவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். இந்த வரியை நீங்கள் இன்னும் எழுதவில்லை, கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்றைக்கு அவன் பலகை படிக்கவில்லை. பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். நான் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு வெகுதூரம் போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது. என்னை மாட்டிவிட வேண்டுமென்றே அப்படிப் பேசாமல் கிடந்தான் என்று நினைக்கிறேன். தொழிற்சாலைக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறது. மேடு ஏறும்போது பின்னால் எதுவோ இழுபட்ட சத்தம் கேட்டது. அவன் தூக்கத்தில் இருந்தான், அல்லது தூங்குவதாகக் காட்டிக்கொண்டான்.

நல்ல பகல் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தோம். அவன் இறங்கி வண்டியைத் தட்டித் தட்டிப் பின்னால் வரவைத்தான். இரண்டு தட்டு. நிறுத்தினேன். கைப்பிடியின் இரும்புச் சத்தம் கேட்டது.

“நிக்குதா மச்சான்?”

“நிக்குது.”

எப்போதும் ஒரு தடவைதான் கேட்பான். அன்றைக்கு மறுபடியும் கேட்டான்.

“நிக்குதுல்ல?”

அந்தக் குரலில் லேசான கெஞ்சல் இருந்தது. ஒரு நிமிடம் நான் பேசாமல் இருந்திருந்தால் போதும், அவன் கயிறு எடுக்கப் போயிருப்பான். அதற்காகத்தான் கேட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“நிக்குதுன்னா நிக்குது. தொற.”

அவன் திறந்தான். டிரம் தரையில் விழுந்தால் எப்படிச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். முதலில் வந்தது அந்தச் சத்தம் இல்லை. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் அந்தச் சத்தம்தான். நான் இடது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. வலது பக்கம் இருக்கிறான் போல என்று அந்தப் பக்கமாக இறங்கி ஓடினேன். அவன் இடது பக்கம்தான் கிடந்தான். தொழிற்சாலை ஆட்கள் கத்திச் சொன்ன பிறகுதான் சுற்றிக்கொண்டு போனேன்.

இத்தனையும் சொன்ன பிறகும் நீங்கள் அதே வார்த்தையை எழுதுகிறீர்கள். கம்பெனி ஆள் வந்தார், விபத்துச் சாவு என்றார். டாக்டர் காகிதத்தை நீட்டி, இந்தப் பார்வையை வைத்துக்கொண்டு அந்தக் கொக்கியைப் பார்த்திருக்கவே முடியாது என்றார். நீங்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்து, பதற்றத்தில் ஏதோ பேசுகிறீர்கள் என்கிறீர்கள். ஒரு மனிதன் தன் வாயால் சொல்வதை நம்புவதற்கு என்ன கஷ்டம் உங்களுக்கு.

என் தங்கை வந்தபோது நீங்களும் இருந்தீர்கள். எதிரே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றுதான். “கண்ணுக்குத் தெரியலன்னு மட்டும் சொல்லுண்ணா. அது போதும். நான் மனசத் தேத்திக்குவேன்.” அவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாம். அதை வைத்துக்கொண்டு அவளால் என்னோடு பேச முடியுமாம், வீட்டுக்கு வரச் சொல்ல முடியுமாம். எதிரே உட்கார வைத்துத் தட்டை என் பக்கம் திருப்பித் திருப்பி வைப்பாள். நான் எல்லாம் யோசித்துப் பார்த்துத்தான் சொன்னேன். “தெரிஞ்சுது” என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். நாற்காலியைப் பழையபடி மேசைக்குள் தள்ளிவிட்டுப் போனாள்.

ஆகவே திருத்தி எழுதுங்கள். பார்வைக் கோளாறு, கவனக்குறைவு, இதையெல்லாம் அடித்துவிடுங்கள். அவன் சாக வேண்டும் என்று நினைத்தேன். கொக்கி விழாததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, நிக்குது என்று சொன்னேன். வலது சுவரில், கடைசி வளையம், அதன் விளிம்பில் கொக்கி தொட்டும் தொடாமலும் நின்றது, இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஏன் தலையை ஆட்டுகிறீர்கள். கழன்றது இடது சுவர்க் கொக்கியா. சரி, இடது. நான் சொல்ல வந்ததும் அதுதான். இடது என்றே போட்டுக்கொள்ளுங்கள்.

பேனாவைக் கொடுங்கள். எந்த இடத்தில் போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டுங்கள் சார். ஜன்னல் திறந்திருக்கிறது என்கிறீர்கள், மேசையில் விழும் வெயில் என் கையைச் சுடவும் செய்கிறது. என்ன இருந்தாலும் இந்த அறையில் வெளிச்சம் போதாது.